விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வட அமெரிக்க டிராம் அருங்காட்சியகங்களைப் பற்றி வந்த படக்கட்டுரையைப் படித்தோம். பனி பெருக்கும் பழைய மின்சார டிராம் ஒன்றின் படத்துக்குக் கீழே, ‘துருவை நீக்கி, வண்ணம் பூசி, மேல்கம்பியோடு இணைத்ததும் வண்டி உயிர்பெற்றது’ என்று போட்டிருந்தீர்கள். அந்த வரிசையில் வேலை செய்தால் உயிர்பெறாது. முதல் ஐந்து நிமிடத்திலேயே ஏதாவது ஒரு மோட்டார் கருகும். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுவதைக் கேலியாகச் சொல்வோம். இந்த வண்டியோ நிஜமாகவே ஒரு விளக்குமாறு. அதற்குப் பெயிண்ட் என்பது கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது என்ன என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். கட்டுரை இதைப் பனிக்கலப்பை என்கிறது. கலப்பை என்றால் முன்னால் சாய்வாக நிற்கும் இரும்புத் தகடு. பனியைத் தள்ளி ஒதுக்கும், அவ்வளவுதான். தெருவில் பதித்த தண்டவாளத்தில் சக்கரத்தின் விளிம்பு ஓடுகிற பள்ளம் ஒன்று உண்டு. அதற்குள் இறங்கிக் கெட்டிப்படும் பனியைத் தகடு எடுக்காது, துடைப்பம் எடுக்கும். அதனால்தான் இந்த வண்டியின் இரு முனைகளிலும், அடிப்பக்கத்தில், தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் பிரம்புக் குச்சிகள் செருகிய உருளைத் துடைப்பம் ஒன்று தொங்குகிறது. நம் வாத்தியார்கள் கையில் இருந்த அதே பிரம்புதான். தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து போனது. சிகாகோவின் மக்கயர்-கம்மிங்ஸ், பென்சில்வேனியாவின் ரிட்ஜ்வேயிலிருந்த ரஸ்ஸல், பிலடெல்பியாவின் பிரில், கனடாவின் ஆட்டவா கார் கம்பெனி போன்றவை இந்த வண்டிகளைக் கட்டின.

துடைப்பம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். வண்டிச் சக்கரம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அப்போதுதான் தரையைத் தொடும் நுனி முன்னோக்கிப் போய்ப் பனியை முன்னாலும், சாய்வின் காரணமாகப் பக்கவாட்டிலும் எறியும். திசை மாறினால் அத்தனை பனியும் வண்டிக்கு அடியில் மோட்டார்களின் மேல் கொட்டும். பழுது பார்க்கும்போது இது நேர்வதற்குக் காரணம், மோட்டாரின் நான்கு முனைகளுக்கும் அடையாளச் சீட்டு கட்டாமல் கழற்றுவது. இந்த வண்டிகளில் இருப்பது, சுழலும் சுருளான ஆர்மேச்சரும் அசையாத காந்தச் சுருளான ஃபீல்டும் தொடராக இணைந்த சீரீஸ் மோட்டார். அதில் மேல்கம்பி இணைப்பையும் தரை இணைப்பையும் இடம் மாற்றினால் திசை மாறாது. ஆர்மேச்சர் முனைகளை மட்டும், அல்லது ஃபீல்டு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு ‘ஏன் இன்னும் தப்பாகச் சுற்றுகிறது’ என்று தலையைச் சொறிவது எல்லாப் பணிமனையிலும் நடப்பதுதான்.

வண்டியை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது தண்டவாள அகலம். வட அமெரிக்காவில் ரயில் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். டிராம்கள் எல்லாமே அப்படியல்ல. டொரண்டோவில் 4 அடி 10⅞ அங்குலம், பிட்ஸ்பர்கில் 5 அடி 2½, பிலடெல்பியாவில் 5 அடி 2¼, பால்டிமோரில் 5 அடி 4½. ஒரு நகரத்து வண்டியை வேறு அகலமுள்ள அருங்காட்சியகப் பாதையில் ஓட்ட வேண்டுமென்றால் சக்கரங்களை அச்சிலிருந்து பிதுக்கி எடுத்து, புது இடத்தில் அழுத்தி ஏற்ற வேண்டும். அச்சில் அதற்கு இடம் இல்லாவிட்டால் அச்சையே புதிதாகக் கடைய வேண்டும். பயணிகள் டிராமுக்கு இதை ஒருவாறு சமாளிக்கலாம். இங்கே துடைப்பத்தின் தொங்குசட்டம், கீழ்த்தட்டு, பிரேக் கம்பிகள் எல்லாம் சக்கரத்தை ஒட்டியே இருப்பதால் ஒன்றை நகர்த்தினால் பத்து நகரும்.

பிரித்துப் போடும்போது முகமூடி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலருக்குள் தீப்பொறியைத் தடுக்கும் தகடுகளிலும், ஹீட்டருக்குப் பின்னாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். கல்நாரை அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் அகற்ற வேண்டும். ஈரப்படுத்தாமல் எதையும் சுரண்டாதீர்கள்.

மரவேலையைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள் என்பதால் சுருக்கமாக. சாலையில் தூவிய உப்பு, பனி உருகிய தண்ணீரோடு சேர்ந்து அடிச்சட்டத்துக்குள் ஏறியிருக்கும். வெளியே நன்றாகத் தெரியும் ஓக் மரச் சட்டம், போல்ட் துளைகளைச் சுற்றி உளுத்திருக்கும். போல்ட்டோ நடுவில் பென்சில் கனத்துக்கு மெலிந்திருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். பாரம் தாங்கும் சட்டத்தில் பிசின் ஊற்றி ஒப்பேற்றக் கூடாது. கெட்ட பகுதியை வெட்டி, சட்டத்தின் கனத்தைப் போல் குறைந்தது எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவிய இணைப்பில் புது மரத்தைச் சேர்க்க வேண்டும். வண்டிக்குள் எடைக்காகப் போட்டு வைத்திருக்கும் இரும்புக் கட்டிகளை மறந்துவிட்டு ஜாக்கியால் தூக்கினால், சட்டம் உங்கள் கண் முன்னாலேயே முறியும்.

இனி மின்சாரம். 600 வோல்ட் நேர்மின்னோட்டம். பழைய வயர்களில் ரப்பரும் அதன் மேல் பருத்திப் பின்னலும் இருக்கும். பின்னல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே ரப்பர் அப்பளம்போல் நொறுங்கும். ‘பாதி வயர் நல்லா இருக்கே, விட்டுவிடலாம்’ என்கிற சிக்கனம்தான் வண்டிகளை எரிக்கிறது. எல்லாவற்றையும் உருவி எறிய வேண்டும். உருவும்போதே பழைய வயரின் வாலில் புது வயரைக் கட்டி இழுத்தால், குழாய்க்குள் எந்த வழி போனது என்று தேட வேண்டியதில்லை. 600 வோல்ட்டில்தான் ஓடுகிறது என்பதற்காக 600 வோல்ட் தரமுள்ள வயரைப் போடாதீர்கள். மின்சுற்றைத் துண்டிக்கும் நொடியில் சுருள்களிலிருந்து எழும் மின்னழுத்தம் பல மடங்கு இருக்கும். ரயில் எஞ்சின்களுக்குப் போடும் 2,000 வோல்ட் கேபிள்தான் சரி.

மோட்டார்களை வண்டியிலிருந்து இறக்கித்தான் பார்க்க வேண்டும். எல்லா இணைப்பையும் பிரித்துவிட்டு, ஆர்மேச்சர் தனியாக, ஃபீல்டு காயில் தனியாக, இன்சுலேஷனின் தடையைக் காட்டும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்து அளக்க வேண்டும். பழைய சுருள்களுக்குக் குறைந்தபட்சத் தேவை, கிலோவோல்ட்டில் உள்ள அழுத்தத்தோடு 1 கூட்டினால் வரும் மெகாஓம். 600 வோல்ட்டுக்கு 1.6 மெகாஓம், அதுவும் 40 டிகிரி செல்சியஸில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அளவு ஏறக்குறையப் பாதியாகும், 10 டிகிரி இறங்கினால் இரட்டிப்பாகும். ஆகவே குளிர்ந்த கொட்டகையில் 2 மெகாஓம் காட்டியது என்று மகிழ்ந்தால், ஓடிச் சூடானதும் ஏமாறுவீர்கள். ஈரம் கோத்த மோட்டார் பூஜ்யத்தையே காட்டும். உடனே கெட்டுப்போனதாக முடிவு செய்ய வேண்டாம். 90 டிகிரிக்கு மேல் போகாமல், நாள் கணக்கில் மெதுவாகச் சூடு காட்டினால் பல மோட்டார்கள் பிழைக்கும். ஆரம்பத்தில் அளவு இறங்கி, பிறகு ஏறும். இறங்குகிறதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

மறுபடி சுருள் சுற்ற வேண்டி வந்தால் பழைய பருத்திக்குப் பதில் 155 டிகிரி தாங்கும் ‘எஃப்’ வகுப்பு இன்சுலேஷன் போடலாம். ஆர்மேச்சரைச் சுற்றி இறுக்கும் எஃகுக் கம்பி வளையங்களில் பற்றவைப்பு ஈயம் இளகியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கார்பன் பிரஷ் உரசி ஆர்மேச்சருக்கு மின்சாரம் ஏற்றும் இடமான கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்கா மேலே துருத்தினால் கார்பன் பிரஷ் துள்ளி, தீப்பொறி பறக்கும். மைக்காவைச் செப்புக்குக் கீழே சுமார் 0.8 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, பட்டை விளிம்புகளை லேசாக மழுக்க வேண்டும். எமரித் தாளைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே புகுந்து நிரந்தரத் தொல்லையாகும். மரத்துக்குத் தேய்க்கும் கண்ணாடித் தாள் போதும்.

அந்தக் காலத்து மோட்டார்களில் உருளை பேரிங் கிடையாது. வெள்ளை உலோகம் ஊற்றிய புஷ்தான். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் கீழே இறங்கி, காந்த முனையை உரசும். ஒரே ஒரு உரசல் போதும், புதிதாகச் சுற்றிய சுருளும் போச்சு. எனவே மேலும் கீழும் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு பருவத்திலும் அதையே மறுபடி அளக்க வேண்டும். பேரிங்குக்கு எண்ணெய் ஏற்றுவது கம்பளி வேஸ்ட். நம்மூர்ப் பட்டறையில் கை துடைக்கும் பருத்தி வேஸ்ட் இதற்கு ஆகாது. எண்ணெய் ஏறியதும் துவண்டு அச்சைவிட்டு விலகிவிடும். கம்பளியை இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு, ஒரு நாள் வடியவிட்டு, பிறகுதான் திணிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்தப் பழைய டிராமுக்கும் பொருந்தும். துடைப்பத்தின் மோட்டார்தான் இந்த வண்டிக்கே உரிய ஆபத்து. பெரும்பாலான மாதிரிகளில் அது வண்டிக்குள் நிற்கும். அதிலிருந்து செயின், தரையில் உள்ள வாய் வழியாகக் கீழே துடைப்பத்துக்குப் போகும். அதுவும் சீரீஸ் மோட்டார்தான். சீரீஸ் மோட்டாரில் சுமை குறையக் குறைய வேகம் ஏறும். சுமையே இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். ஓடும்போது செயின் அறுந்தால், சில நொடிகளில் ஆர்மேச்சர் வளையம் தெறித்து, செப்புக் கம்பிகள் உறையைக் கிழிக்கும். ஃபியூஸ் காப்பாற்றாது, ஏனென்றால் அப்போது மின்னோட்டம் கூடுவதில்லை, குறைகிறது. ரெசிஸ்டன்ஸ் சேர்த்து வைத்தாலும் பயனில்லை. மின்னோட்டம் குறைவாக இருக்கையில் அதில் விழும் மின்னழுத்தமும் கொஞ்சம்தான். பழைய நாளில் இதற்கென்றே துடைப்பத்தைக் கவனிக்கும் இரண்டாவது ஆள் இருந்தார். சத்தம் மாறியதும் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அவர் காதின் வேலை. இன்று செயின் மேல் உருளும் ஒரு சிறு சுவிட்சைப் பொருத்தி, செயின் தொய்ந்தால் மோட்டாரின் மின்சாரம் துண்டிக்கும்படி செய்யலாம். வரலாற்றுத் தூய்மை கெடும் என்று இதை எதிர்ப்பவர்கள் உண்டு. உறைக்குள் மறைத்து வைத்தால் யாருக்கும் தெரியாது. வைக்காமல் ஓட்டுவது சரியில்லை என்பதே எங்கள் கருத்து.

ஆகவே செயின் மாட்டாமல் துடைப்ப மோட்டாரை 600 வோல்ட்டில் சோதிக்கவே கூடாது. வெல்டிங் செட்டின் நேர்மின்னோட்டம், அல்லது இரண்டு லாரி பேட்டரிகள் போதும். மெதுவாகச் சுற்றும், பேரிங் சத்தமும் கார்பன் பிரஷ்ஷின் பொறியும் அதிலேயே தெரிந்துவிடும். செயினை நீட்டி அளந்து, புதுச் செயினைவிட 3 சதவீதம் நீண்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். புதுச் செயினைப் பழைய பல்சக்கரத்தில் மாட்டாதீர்கள். தேய்ந்த பல் அதையும் ஒரே பருவத்தில் இழுத்துவிடும்.

அடுத்து துடைப்பம். பிரம்புக்குப் பதிலாக எஃகுக் கம்பியோ பிளாஸ்டிக்கோ போடலாமே என்று கேட்பார்கள். கம்பி வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், தண்டவாளப் பிரிவுகளில் மாட்டும், உதிர்ந்த துண்டு மோட்டாருக்குள் போனால் ஷார்ட். பிளாஸ்டிக் பல கடுங்குளிரில் விறைத்து ஒடியும். பிரம்பு உள்ளே கெட்டி, மேல்தோல் வழவழப்பு. வளைந்து நிமிரும், ஈரப்பனி ஒட்டாமல் வழுக்கிப் போகும். எவ்வளவு வாங்க வேண்டும் என்பது உருளையில் உள்ள துளைகளைப் பொறுத்தது. உதாரணத்துக்கு, ஓர் உருளையில் 480 துளைகள், ஒரு துளைக்கு நான்கு பிரம்புகள் கொண்டை ஊசிபோல் மடித்துச் செருகுவது, நுனி 12 அங்குலம் வெளியே நிற்பது என்று வைத்துக்கொள்வோம். மடிப்பையும் சேர்த்து ஒரு துண்டு சுமார் 70 செ.மீ. ஓர் உருளைக்கு 1,344 மீட்டர், இரண்டுக்கும் 2,688 மீட்டர். மடிக்கும்போது ஒடிவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3,100 மீட்டர். தண்ணீரில் ஊறவைக்காமல் மடித்தால் கழிவு 15 சதவீதத்தோடு நிற்காது. எல்லாத் துண்டும் ஒரே கனம் இருக்க வேண்டும். கலந்து போட்டால் கனத்தவை தரையைத் தேய்க்கும், மெலிந்தவை சும்மா சுற்றும்.

செருகி முடித்ததும் உருளையை இரண்டு கூர்விளிம்புகளின் மேல் வைத்து, எந்தப் பக்கம் தானாகக் கீழே உருள்கிறது என்று பார்த்துச் சமன் செய்ய வேண்டும். சமன் இல்லாத துடைப்பம் தொங்குசட்டத்தின் போல்ட்டுகளை ஒரே இரவில் கழற்றிவிடும். நுனி தரையை லேசாகத் தடவினால் போதும்; அழுத்தி இறக்கினால் குச்சியின் பக்கம்தான் தேய்க்கும், நுனி வேலை செய்யாது. 3 அடி விட்டமுள்ள துடைப்பம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் நுனி வேகம் மணிக்கு 34 கி.மீ.; தேய்ந்து 2 அடியானால், அதே சுற்றுக்கு 23 கி.மீ.தான். பழைய துடைப்பம் பனியை எறியாமல் உருட்டுவதற்கு இதுவே காரணம். கொட்டகையில் நிறுத்தும்போது மேலே தூக்கிக் கட்டுங்கள். தரையில் ஊன்றியபடி விட்டால் ஒரு பக்கம் தட்டையாகி, அடுத்த பருவம் முழுக்கத் தடதடக்கும்.

காற்று பிரேக் இருந்தால், காற்றுத்தொட்டியைத் தண்ணீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும், காற்றடைத்து அல்ல. ஓடும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65 பவுண்டு என்றால், அதைவிடக் கால் பங்கு கூட்டி 81 பவுண்டு வரை ஏற்றுவது வழக்கம். ஓட்டம் முடிந்ததும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஈரத்தை வடிக்காவிட்டால், மறுநாள் பிரேக் குழாயில் பனிக்கட்டி அடைத்திருக்கும். கைப்பிரேக்கையும் தனியாகச் சரிசெய்து வைக்க வேண்டும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் பொருத்திய பிறகும் நேராக மேல்கம்பியில் இணைக்கக் கூடாது. இந்த வண்டிகளின் விளக்குகள் 120 வோல்ட் பல்புகள் ஐந்து வீதம் தொடராக இணைத்தவை. அதேபோல் ஐந்து பல்புகளைக் கட்டி, மேல்கம்பியைத் தொடும் கூரைக் கம்பத்துக்கும் வண்டியின் மின்சுற்றுக்கும் நடுவில் வையுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைத்திருக்கும்போது பல்புகள் பிரகாசமாக எரிந்தால் எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது. ஒவ்வொரு மின்சுற்றாகப் பிரித்து அது எங்கே என்று கண்டுபிடிக்கலாம். புகை வந்து கண்டுபிடிப்பதைவிட இது மலிவு. பிறகு நகர்த்தும் மோட்டார்கள் மட்டும், ஆள் நடக்கும் வேகத்தில். நிறுத்தி ஒவ்வொரு பேரிங்கையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். துடைப்பம் கடைசியில். இரண்டு நகர்த்தும் மோட்டார், இரண்டு துடைப்ப மோட்டார், ஒவ்வொன்றும் 35 குதிரைத்திறன் என்றால், முழுச் சுமையில் 85 சதவீதத் திறனுக்குக் கணக்கிட்டாலும் 205 ஆம்பியர், அதாவது 123 கிலோவாட். ஒற்றை டிராம் ஓட்டப் போட்ட சிறிய துணைமின்நிலையம் இதைத் தாங்குமா என்பதை முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடுவது முன்பக்கத் துடைப்பம் ஒன்றுதான் என்றாலும் கணக்கு பெரிதாகவே இருக்கும்.

மின்சாரம் திரும்பிப் போகும் வழி சக்கரமும் தண்டவாளமும். நான்கே சக்கரமுள்ள வண்டி பனிக்கட்டி மூடிய தண்டவாளத்தில் நின்றாலோ, வழுக்காமலிருக்க மணலை அள்ளித் தூவினாலோ அந்த வழி அறுந்து, வண்டியின் உடம்பு முழுக்க 600 வோல்ட் ஏறும். தரையில் ஒரு கால், படியில் ஒரு கால் என்று அப்போது ஏறுகிறவர் பிழைப்பது கடினம். கம்பத்தைக் கம்பியிலிருந்து இறக்கிய பிறகே யாரும் ஏறவோ இறங்கவோ வேண்டும்.

இன்னொன்று: அருங்காட்சியகப் பாதைகள் பெரும்பாலும் தெருவில் பதித்தவை அல்ல, ஜல்லிக் கற்கள் கொட்டியவை. துடைப்பத்தைப் பழைய உயரத்தில் இறக்கினால் அது பனியோடு ஜல்லியையும் வாரி எறியும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் கார்க் கண்ணாடிதான் முதலில் போகும். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளின் மேல்மட்டத்துக்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோடையில் செய்துகாட்ட வேண்டுமென்றால் துடைப்பத்தை முழுதாகத் தூக்கிச் சுற்றவிட்டால் போதும்.

கடைசியாக ஒரு திருத்தம். ‘இவ்வகை வண்டிகள் இன்று காட்சிப்பொருள் மட்டுமே’ என்று கட்டுரை முடிகிறது. ஜப்பானின் சப்போரோவில் 1925 முதல் இன்றுவரை குளிர்காலந்தோறும் இவை வேலை செய்கின்றன. அங்கே பிரம்பு இல்லை, பிளந்த மூங்கில். முன்னும் பின்னுமாக ஒரு வண்டிக்குச் சுமார் 800 கட்டுகள். அதே ஜப்பானின் ஹக்கோடாத்தேயில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது: 1910-இல் கட்டிய பயணிகள் டிராம் ஒன்று பிற்பாடு பனி பெருக்கும் வண்டியாக மாற்றப்பட்டு, 1993-இல் மறுபடி பயணிகள் டிராமாகத் தெருவுக்கு வந்தது. 39-ஆம் எண் வண்டி. படத்தோடு வெளியிட அதுவே பொருத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய மின்வண்டிகளைச் சீரமைக்கும் வாசகர்கள் சிலர்